வலி நின்றுபோன காலை

மகளைப் பள்ளிக்கூட முகாமுக்கு அனுப்பலாமா, ராத்திரியும் அங்கேயே தங்க வேண்டுமாம் என்று நம் பழைய அணியின் வாட்ஸப் குழுவில் ஒருத்தி போன வாரம் கேட்டிருந்தாள். ஆளுக்கொரு பதில் சொன்னீர்கள். நான் மட்டும் எதுவும் எழுதவில்லை. சொல்ல ஆரம்பித்தால் நீளும் என்று விட்டுவிட்டேன். ஆனால் நமக்கெல்லாம் நாற்பது தாண்டிவிட்டது. முட்டி தேய்ந்து, கண்ணாடி போட்டு, நாமும் ஒரு காலத்தில் கோ-கோ ஆடியவர்கள் என்றால் பெற்ற பிள்ளைகளே நம்புவதில்லை. இனியும் எப்போது சொல்வது. அன்றைக்கு நீங்கள் எல்லாரும் அடுத்த அறையில்தான் படுத்திருந்தீர்கள். நான் இருந்த அறையில் என்ன நடந்தது என்று உங்களில் யாருக்கும் முழுதாகத் தெரியாது.

தேனி தனி மாவட்டமாகி அதிக நாள் ஆகாத சமயம் அது. அதற்கு முன்பு மாவட்டப் போட்டி என்றால் மதுரைக்குப் போக வேண்டும். பெண்பிள்ளைகளை அவ்வளவு தூரம் யாரும் அனுப்பமாட்டார்கள். தேனிதானே, கம்பத்தில் பஸ் ஏறினால் போய்விடலாம் என்றதும் முதல் தடவையாக நம் அணியை அனுப்பச் சம்மதித்தார்கள். விளையாட்டு டீச்சர் வேலைக்கு வந்த புதிது. சேலைக்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். எந்த ஊரோ, பேச்சு நம் பக்கத்துப் பேச்சாக இருக்காது. கல்யாணமாகாத ஒரு பெண்ணை மட்டும் நம்பி இத்தனை பிள்ளைகளை அனுப்ப முடியாது என்று ஹெட்மாஸ்டர் சொன்னார். அதனால் தையல் டீச்சரும் துணைக்கு வந்தார். அவருக்கு நம் அம்மாக்களைவிட வயது கூட. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர்.

போவதற்கு முன்னால் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து வீட்டில் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார்கள், ஞாபகம் இருக்கிறதா. பயணத்தில் என் மகளுக்கு ஏதேனும் நேர்ந்தால் பள்ளி பொறுப்பல்ல என்று ஊதா மையில் அச்சடித்திருந்தது. அப்பாவும் அம்மாவும் அப்போது கம்பம் மெட்டுக்கு மேலே, கேரளப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டத்தில் இருந்தார்கள். காய் எடுக்கும் பருவத்தில் அங்கேயே தங்கிவிடுவார்கள். நான் ஊரில் சின்னம்மா வீட்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை இறங்கி வந்த அப்பா, படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அக்காவும் அவர்களோடு மலையில்தான் இருந்தாள். அதைச் சொல்லாவிட்டால் நான் பயந்தது எதற்கு என்று உங்களுக்கு விளங்காது. அக்கா எட்டாம் வகுப்பில் பெரியமனுஷி ஆனாள். ஓலையில் குச்சு கட்டி உட்காரவைத்து, மாமன் சீர் கொண்டுவந்து, ஸ்டூடியோக்காரரை வரவழைத்துப் போட்டோகூட எடுத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு அவளுடைய பள்ளிக்கூடப் பையை அம்மா பரணில் ஏற்றிவிட்டாள். அடுத்த காய்ப்பருவத்தில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் விடியற்காலை ஜீப்பில் அம்மாவோடு அவளும் ஏறினாள். இறங்கி வரும்போதெல்லாம் அவள் கணுக்காலைத்தான் பார்ப்பேன். அட்டை கடித்த இடமெல்லாம் கறுத்து, சொறிந்து சொறிந்து புள்ளி புள்ளியாக இருக்கும். என்னைவிட நன்றாகப் படித்தவள் அவள்.

தேனியில் நாம் தங்கியது ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறைகளில். பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு ஜமக்காளம் விரித்திருந்தார்கள். சாரல் காலம். ஜன்னல் கதவுகள் காற்றில் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தன. சாக்பீஸ் தூள் வாசமும், நாம் கொண்டுபோயிருந்த புளியோதரை வாசமும், பஸ்ஸில் மடியில் வைத்து வந்த திராட்சையின் புளிப்பு வாசமும் கலந்து அந்த அறையில் நின்றன. வந்த அன்றைக்குச் சாயங்காலமே டீச்சர் நம்மை மைதானத்தில் ஓடவிட்டார். பொடிக்கல் நிறைந்த தரை. ஆட்டக் கம்பத்தைச் சுற்றித் திரும்பும்போது கால் வழுக்கி நான் இடுப்போடு சறுக்கி விழுந்தேன். எழுந்து தட்டிவிட்டுத் திரும்பவும் ஓடினேன். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான்.

வயிற்றுவலி அதற்கு முன்பே ஆரம்பித்திருந்தது. தொப்புளைச் சுற்றி யாரோ விரலால் திருகுவது போல. பஸ் குலுக்கல் என்று நினைத்தேன். இருட்டும் நேரத்தில் கழிவறைக்குப் போனேன். பழுப்பு நிறக் கால்சட்டையின் உள்பக்கம் ரத்தம் பட்டிருந்தது. அதிகமில்லை, ஒரு நாணயம் அளவுக்கு. அதைப் பார்த்ததும் எனக்கு வலி தெரியவில்லை. ஜீப்தான் தெரிந்தது. விடியாத இருட்டில், சாக்குகளுக்கும் தூக்குவாளிகளுக்கும் நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

வாளியில் தண்ணீர் பிடித்துக் கால்சட்டையை அலசிக்கொண்டிருந்தேன். சோப்பு இல்லை. கையாலேயே கசக்கினேன். வாசலில் நிழல் விழுந்தது. தையல் டீச்சர்.

"இந்நேரத்துக்கு என்னத்தடி தொவைக்கிற?"

அவர் குனிந்து துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. இன்றுவரைக்கும் அந்த முகத்தை என்னால் வெறுக்க முடிந்ததில்லை. என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் விரல்களை முறித்தார்.

"வயிறு வலிக்குதா ஆத்தா?"

"ஆமா டீச்சர்."

"வலிக்கத்தான் செய்யும். பொம்பளையாப் பிறந்தா இந்த வலி உண்டு. பயப்படாத, நான் இருக்கேன்ல."

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு இருந்த கொஞ்ச சந்தேகமும் போய்விட்டது. இரண்டு பெண்களை வளர்த்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

என்னைத் தனியாக, சாமான்கள் போட்டிருந்த சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். ஒரு சாக்கை விரித்து அதன்மேல் பாய் போட்டார். எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர். நீங்கள் யாரும் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். விளையாட்டு டீச்சர் வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தது நினைவிருக்கிறது. கையில் முதலுதவித் தகர டப்பா. பஞ்சு, டிங்சர், காய்ச்சல் மாத்திரை, தைலம், அவ்வளவுதான் அதில் இருந்தது.

"ரொம்ப வலிக்குதா? ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடலாமாக்கா?" என்று தையல் டீச்சரிடம் கேட்டார்.

"இதுக்குப் போயி ஆம்பள டாக்டர்ட்ட காட்டுவாகளா? நீங்க சின்னப்பிள்ள, உங்களுக்குத் தெரியாது. பிள்ளைகளத் தூங்க வைங்க. நான் பாத்துக்கிறேன்."

விளையாட்டு டீச்சர் டப்பாவை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வெந்நீரைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றித் துண்டு சுற்றி என் வயிற்றில் வைத்தார் தையல் டீச்சர். சமையல் ஆளிடம் சொல்லி விளக்கெண்ணெய் வாங்கிவந்து மூக்கைப் பிடித்துக் குடிக்கவைத்தார். குடித்த கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தேன். அவர் கையாலேயே துடைத்தார். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அவரும் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார். நான் தூங்கவில்லை. தொப்புளில் இருந்த வலி மெல்ல இறங்கி வலப்பக்க அடிவயிற்றில் வந்து உட்கார்ந்தது. பக்கத்து அறையில் நீங்கள் சிரிப்பது கேட்டது. கூப்பிட்டால் வந்துவிடுவீர்கள். ஆனால் என்னவென்று சொல்வது. சொன்னால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் பை பரணில் ஏறிவிடும். துண்டின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு வலியோடு கிடந்தேன். அக்காவும் இப்படித்தான் கிடந்திருப்பாள், எல்லாரும் இப்படித்தான் கிடந்திருப்பார்கள், நான்தான் தாங்கமாட்டாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

விடிந்து வெயில் ஏறிய பிறகு அந்த வலி சட்டென்று நின்றது. வயிற்றுக்குள் ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தது. அவ்வளவு சுகம். நான் அழுதேவிட்டேன். தையல் டீச்சர் சூரியனைப் பார்த்துக் கும்பிட்டார். "நான் சொன்னேன்ல, தானா நிக்கும்னு" என்றார். எனக்குப் பூ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனவர், தெருமுனை பூத்திலிருந்து நம் ஊர் மளிகைக்கடைக்குப் போன் போட்டார். சின்னம்மா வீட்டுக்கு எதிர்க்கடை. உங்க பொண்ணு பெரியமனுஷி ஆயிட்டா, நல்லா இருக்கா, போட்டி முடிஞ்சதும் கூட்டி வாரோம், தாய்மாமனுக்குச் சொல்லிருங்க என்று சேதி போய்விட்டது.

இது எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது வலி போன மயக்கத்தில் கண்ணை மூடிக்கிடந்தேன். மைதானத்தில் விசில் சத்தம் கேட்டது. நம் ஆட்டம் தொடங்கிவிட்டது. எனக்குப் பதிலாக யார் இறங்கியிருப்பார்கள் என்று யோசித்தேன். பிறகு குளிர ஆரம்பித்தது. சாரல் காற்று என்று போர்வையை இழுத்துக்கொண்டேன். பல் அடித்துக்கொண்டது. புரண்டு படுக்கலாம் என்றால் வயிறு பலகை மாதிரி இருந்தது. வலது காலை மடக்கி வைத்தால் மூச்சு விட முடிந்தது. நீட்டினால் முடியவில்லை.

கேப்டன், நீ இதைப் படிப்பாய். இடைவேளையில், உள்ளே போகக்கூடாது என்று சொன்னதை மீறி வந்தவள் நீதான். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாய். ஆடி வந்த வியர்வையோடு என் பக்கத்தில் குந்தி, என் நெற்றியில் கை வைத்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டாய்.

"ஏ, என்னடி இப்படிக் கொதிக்குது? எந்திரி, இங்கன உக்காரு."

"முடியல."

"கால நீட்டு."

"நீட்ட வரல."

நீ எழுந்து ஓடினாய். மைதானத்தில் போய், டீச்சர், அவ கால நீட்டமாட்டேங்கிறா, வந்து பாருங்க என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாயாம். விளையாட்டு டீச்சர் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். கைகளைக் கீழே கொடுத்து என்னைத் தூக்கினார்.

"எங்கன கொண்டு போறீக? பெத்தவகளுக்கு யார் பதில் சொல்றது?" என்று தையல் டீச்சர் வாசலை மறித்தார்.

"நான் சொல்லிக்கிறேன்க்கா. வழி விடுங்க."

ஆட்டோவில் போகும்போது ஒவ்வொரு பள்ளத்துக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. டீச்சரின் விசில் என் முகத்தில் இடித்துக்கொண்டே வந்தது. அது சில்லென்று இருந்ததால் அதில் கன்னத்தை வைத்துக்கொண்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் டெட்டால் வாசம். சுவரெல்லாம் பாதிக்குமேல் பச்சை பெயிண்ட். டாக்டர் வயதானவர், தூக்கமில்லாத கண். என் வலப்பக்க வயிற்றை மெல்ல அழுத்தினார். அழுத்தும்போது தாங்கிக்கொண்டேன். கையை எடுத்தபோது நான் போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எப்பருந்து வலி?"

"நேத்து சாயங்காலம்" என்றார் டீச்சர். "ஆனா காலையில நின்னுடுச்சு சார். நல்லாயிடுச்சுன்னு நெனச்சோம்."

அவர் கை அப்படியே நின்றது. "தானா நின்னுச்சா?"

"ஆமா சார்."

"ஒத்தடம் குடுத்தீங்களா? பேதிக்கு ஏதாவது?"

டீச்சர் தலையை ஆட்டினார். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"குடல்வால் உடைஞ்சிருக்கு. சீழ் உள்ள பரவுது. உடனே ஆபரேஷன் பண்ணணும். அப்பா அம்மா எங்க?"

"கேரளாவுல, ஏலத்தோட்டத்துல சார்."

டீச்சர் கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தார். அப்பாவின் கையெழுத்து போட்டது. டாக்டர் அதைப் படித்தார்.

"உங்க ஸ்கூல் பொறுப்பில்லைன்னு எழுதி வாங்கியிருக்கீங்க. சரி. பொறுப்பு யாருன்னு எழுதி வாங்கலையா?"

டீச்சர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எதிரே இருந்த பூத்துக்கு ஓடினார். என்னைத் தள்ளுவண்டியில் போட்டு வராந்தாவில் நிறுத்தியிருந்தார்கள். மேலே ஒரு ஃபேன், ஒரு இறக்கை கொஞ்சம் வளைந்தது, டக் டக் என்று சுற்றியது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். செத்துப்போவேனோ என்று அப்போதுதான் முதலில் தோன்றியது. அந்த நினைப்பில்கூட, செத்துவிட்டால் ஜீப்பில் ஏற வேண்டாம் என்று ஒன்று உள்ளே ஓடியது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அப்படியா நினைக்கும் என்று கேட்பீர்கள். நினைத்தேன்.

டீச்சர் திரும்பி வந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மளிகைக்கடைக்குப் போட்டேன் சார். சேதி காலையிலயே வந்திருச்சு, மலைக்கு ஆள் போயிருக்கு, அவங்க இறங்கினதும் எல்லாரும் சந்தோஷமா கிளம்பிருவாங்கன்னு சொல்றார். என்ன சேதின்னே எனக்குப் புரியல. லைன் கட் ஆயிடுச்சு. ஹெட்மாஸ்டர்கிட்ட பேசினேன். நீ எதுலயும் கையெழுத்துப் போடாதே, அவங்க ஆளுங்க வரட்டும், காத்திருன்னு சொல்றார்."

"எதுக்குக் காத்திருக்கணும்?" என்றார் டாக்டர்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்த முகத்தில் இருந்தது என் முகத்தில் இருந்த அதே பயம். அதுவரை டீச்சர்கள் பயப்படுவார்கள் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு அப்போது இருபத்து மூன்றோ நான்கோ இருந்திருக்கும். இன்றைக்கு என் மூத்த மகளைவிட நாலைந்து வயதுதான் கூட.

"யாரு போடுறீங்க? பிள்ளைக்கு நீங்க என்ன வேணும்?" என்று நர்ஸ் கேட்டார்.

"சித்தி" என்றார் டீச்சர்.

டாக்டர் அவருடைய கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்தார். காலில் இருந்த கேன்வாஸ் ஷூவைப் பார்த்தார்.

"சரி, சித்தி. இங்க போடுங்க."

ஆயா ஒருத்தி வந்து என் கண்ணாடி வளையல்களைச் சோப்பு போட்டுக் கழற்றினாள். கொலுசைக் கழற்றினாள். ரிப்பனை அவிழ்த்தாள். எல்லாவற்றையும் டீச்சரின் கைகளில் கொடுத்தாள். ஒவ்வொன்றாகப் போகப்போக நான் குறைந்துகொண்டே வருவது போல இருந்தது. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது டீச்சரின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாட்ட சொல்லிராதீக" என்றேன். எதைச் சொல்லவேண்டாம் என்கிறேன் என்று அவருக்குப் புரிந்திருக்காது. சொல்லமாட்டேன் என்று தலையில் கை வைத்தார்.

கண் விழித்தபோது மூக்கில் குழாய், கையில் ஊசி. நாக்கு ஒட்டிக்கிடந்தது. வெளியே மாலை வெயில். டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் என் வளையல்கள் இருந்தன. நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"டீச்சர், நான் பெரியமனுஷி ஆயிட்டனா?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இல்லடா. அது நீ கிரவுண்டுல விழுந்தேல்ல, தொடையில தோல் சிராய்ச்சிருக்கு. டாக்டர்தான் காட்டினார். அந்த ரத்தம்தான். வேற ஒண்ணும் இல்ல."

"நெசமாவா?"

"நெசமா."

வயிற்றில் ஒரு சாண் நீளம் கிழித்துத் தைத்திருந்தார்கள். சீழ் வடிய ஒரு ரப்பர் குழாய் விட்டிருந்தார்கள். அந்த நிலைமையில் நான் சிரித்தேனாம். டீச்சர்தான் அழுதாராம்.

மறுநாள் முற்பகலில் என் ஆட்கள் வந்தார்கள். கேப்டன்தான் கூட்டிவந்தாள். வழியெல்லாம் ஒரு வார்த்தையும் பேச வரவில்லை என்று பின்னால் சொன்னாள். வார்டு வாசலில் முதலில் தெரிந்தது தாய்மாமன். சலவை வேட்டி, நெற்றியில் சந்தனம், இரண்டு கையிலும் ஒரு பித்தளைத் தாம்பாளம். அதில் தேங்காய், வாழைப்பழம், மஞ்சள், மல்லிகைப்பூப் பொட்டலம், மிட்டாய் டப்பா, மேலே மடித்து வைத்த பச்சைப் பாவாடையும் தாவணியும். பின்னால் சின்னம்மா. அம்மா குதிகாலில் தோட்டத்துச் சேறு காயாமல் வந்திருந்தாள், ஆனால் தலை நிறையப் பூ வைத்திருந்தாள். அப்பா, அக்கா. அந்தப் பள்ளிக்கூடத்துக் காவலாளி ஆஸ்பத்திரி என்று சொன்னதையும், சத்து ஊசி போடக் கூட்டிப் போயிருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டார்களாம். எல்லாரும் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார்கள். குழாய்களைப் பார்த்தார்கள்.

அம்மா போட்ட சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது.

மாமன் தாம்பாளத்தைக் கீழே வைக்கவும் தெரியாமல், பிடித்திருக்கவும் முடியாமல் நின்றார். அவருக்குத் துக்கம் கோபமாகத்தான் வரும்.

"யாரக் கேட்டு எங்க பிள்ளை வயித்தக் கீறுனீக?"

"சித்திதான கையெழுத்துப் போட்டாக" என்றார் நர்ஸ்.

எல்லாரும் சின்னம்மாவைப் பார்த்தார்கள். "ஆத்தாடி, நான் ஊர்லல்ல இருந்தேன்" என்றாள் அவள்.

"நான்தான் போட்டேன்" என்றார் டீச்சர், சுவரோரமாக நின்றபடி.

"நீங்க யாரும்மா போடுறதுக்கு? அப்பன் இல்லையா? ஆத்தா இல்லையா? தாய்மாமன்னு நான் ஒருத்தன் செத்தா போனேன்?"

"கேக்க ஆளில்லைங்க" என்றார் டீச்சர்.

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். தாம்பாளத்தைப் பார்த்தார், மாமனைப் பார்த்தார். "உங்களுக்காகக் காத்திருந்தா இந்தப் பூவ வேற எதுக்கோ போட்டிருப்பீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மாமன் குனிந்து தாம்பாளத்தை என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தார். அப்பா டீச்சரைப் பார்த்துக் கும்பிட்டார். அந்த மனிதர் யாரையும் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

அம்மா என் தலையைத் தடவியபடி, அழுகைக்கு நடுவே கேட்டாள்.

"இம்புட்டு வலிய வச்சுக்கிட்டு வாயத் தொறந்து சொல்லக்கூடாதாடி?"

"சொன்னா அக்கா மாதிரி என்னையும் மலைக்கு அனுப்பிருவீகன்னு பயந்தேன்."

எனக்கு அப்போது பாதி மயக்கம். சொன்னது உண்மை, அவ்வளவுதான். யாருடைய மனதும் புண்படட்டும் என்று சொல்லவில்லை. ஆனால் அம்மாவின் கை என் தலையில் அப்படியே நின்றுவிட்டது. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்கா, கையை எடுத்துவிட்டு வராந்தாவுக்குப் போனாள்.

பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும். இனி பெண்பிள்ளைகளை வெளியூரில் தங்கவைக்கும் எந்தப் போட்டிக்கும் அனுப்புவதில்லை என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். வயிற்றுவலி தேனிக்குப் போனதால் வந்தது என்பது போல. நம் அணி அத்தோடு முடிந்தது. சொன்ன பேச்சைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டதற்கு விளையாட்டு டீச்சரிடம் விளக்கம் கேட்டு எழுதி வாங்கினார்கள். இரண்டு மாதத்துக்குள் அவரை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, காயம் ஆறி, பள்ளிக்கூடம் போனபோது அவர் இல்லை. தையல் டீச்சர் வீரபாண்டி மாரியம்மன் கோயிலில் எனக்காக மாவிளக்கு எடுத்தார். வீட்டுக்கு வந்து என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் செய்தது எல்லாமே பிரியத்தில் செய்தது. அதுதான் இன்றைக்கு யோசித்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. வெறுப்பாக யாராவது நடத்தியிருந்தால் நான் கத்தியிருப்பேன், நீங்கள் ஓடி வந்திருப்பீர்கள்.

என்னைப் படிக்கவைப்பதாக அப்பா வாயால் சொன்னதே இல்லை. நான் உண்மையிலேயே பெரியமனுஷி ஆனபோது எல்லாச் சடங்கும் நடந்தது. மாமன் திரும்பவும் தாம்பாளம் தூக்கி வந்தார். அதெல்லாம் முடிந்த பிறகு வந்த திங்கட்கிழமை, அப்பா என் பையை எடுத்துச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அவ்வளவுதான்.

போன வாரம் கேட்டவளே, உன் மகளை அனுப்பு. அனுப்பாமல் வைத்துக்கொள்வது வைத்தியம் இல்லை. ஆனால் அனுப்பும் முன் போய்க் கேள். ராத்திரி பிள்ளைக்கு முடியாமல் போனால் யார் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், யார் முடிவு சொல்வார்கள் என்று கேள். ஒன்றும் ஆகாது என்று சிரித்தால் சிரிக்கட்டும், திரும்பவும் கேள். மகளிடமும் பேசு. எந்த வலி என்றாலும் வாய்விட்டுச் சொல்லலாம், சொன்னால் எதுவும் பறிபோகாது என்று சொல். அதை அவள் நம்பும்படி சொல்.

அக்காவைச் சின்னமனூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். பிள்ளைகளை நன்றாகப் படிக்கவைத்திருக்கிறாள். அன்றைய பேச்சை அவளும் நானும் பிறகு எடுத்ததே இல்லை. அன்றைக்கு வராந்தாவுக்குப் போனவள் வெகுநேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அதற்குள் அம்மாவும் மற்றவர்களும் டீ குடிக்க வெளியே போயிருந்தார்கள். எனக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது, உதட்டை மட்டும் நனைக்கலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அக்கா பஞ்சைத் தண்ணீரில் தொட்டுப் பிழிந்து என் உதட்டில் ஒற்றினாள். திரும்பத் திரும்ப ஒற்றினாள். அவள் என்மேல் கோபமாக இருப்பாள் என்று பயந்து நான் கண்ணைத் திறக்கவில்லை.

"பெரியமனுஷி ஆன அன்னிக்கி எனக்கு வலிக்கக்கூட இல்லடி" என்றாள், என் காதோரம் குனிந்து. "ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. நானாத்தான் ஓடிப்போயி அம்மாட்ட சொன்னேன்."